அம்மாவின் முழங்காலை மாற்றலாமா?

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 64 வயது. மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 37 வருஷம் கொழுந்து எடுத்தவர். ஏழெட்டு வருஷமாக இரண்டு முழங்காலிலும் வலி. வலது கால்தான் மோசம்; வில்லுப் போல வளைந்தும் போய்விட்டது. நாங்கள் இருக்கும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) இறங்கும் படிகளில் இப்போது பின்பக்கமாகத் திரும்பி, கையூன்றி, ஒவ்வொரு படியாக இறங்குகிறார். இரவில் வலியால் விழித்துக்கொள்கிறார். சீனிக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறார். கண்டி கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்த டொக்டர், "தேய்ந்து முடிந்துவிட்டது, மூட்டு மாற்றத்தான் வேண்டும்" என்று பெயரைப் பதிந்துவிட்டார். அப்பா வேண்டாம் என்கிறார். பக்கத்து லயத்தில் ஒபரேஷன் செய்த ஒரு பெரியம்மா இன்னும் குந்த முடியாமல் அவதிப்படுகிறாராம். குளிரில் உள்ளே இருக்கும் இரும்பு விறைத்துவிடும் என்றும் சொல்கிறார்கள். நான் கொழும்பில் வேலை செய்கிறேன். நகையை அடகு வைத்தாவது தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு காலையும் ஒன்றாகச் செய்துவிடலாமா? இல்லை, மாத்திரையிலேயே ஓட்டலாமா?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

அம்மா பின்பக்கமாகத் திரும்பிப் படி இறங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்ரே சொல்வதைவிட அந்த ஒரு வரி எனக்கு அதிகம் சொல்கிறது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடியது. முன்பக்கமாக இறங்கும்போது மடங்கிய ஒற்றை முழங்காலில் உடம்பின் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் சுமை விழும். பின்பக்கமாக இறங்கினால் முழங்கால் அவ்வளவு மடங்க வேண்டியதில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அம்மா தானே கண்டுபிடித்த வைத்தியம் அது. தோட்டங்களில் இருந்து என்னிடம் வரும் பெண்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் இறங்குகிறார்கள். நாளுக்குப் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்தை எடுத்து, கூடையின் பாரத்தைத் தலையிலும் முதுகிலும் தாங்கி, ஈர மலையில் ஏறி இறங்கிய கால்கள். வயதும் உடல் எடையும் பரம்பரையும்கூட மூட்டுத் தேய்மானத்துக்குக் காரணம்தான். ஆனாலும் அந்த 37 வருஷத்தை ஒதுக்கிவிட்டு இந்த வலியைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது.

அம்மாவை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்து என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒபரேஷன் செய்வது சரி. வலது காலுக்கு மட்டும் முதலில் செய்யுங்கள். நகையை அடகு வைக்க வேண்டாம். பெயர் பதிந்த இடத்திலேயே இருங்கள். காத்திருக்கும் மாதங்களைச் சும்மா விடாமல் அம்மாவையும் வீட்டையும் தயார்படுத்துங்கள்.

ஏன் செய்யலாம் என்கிறேன்? எக்ஸ்ரே மோசமாக இருப்பதால் மட்டும் இல்லை. எலும்போடு எலும்பு உரசும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தைக்குப் போய் மரக்கறிப் பையோடு திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கத்தியைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வருஷத்துக்கு வருஷம் கூடும் வளைவு, வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போவதே பெரும்பாடாகிவிட்ட நிலை, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால்தான் ஒபரேஷனைப் பற்றி யோசிப்பேன். அம்மாவுக்கு மூன்றும் இருக்கிறது. இப்படியே மாத்திரையில் ஓட்டினால் வளைவு கூடும், தொடைத் தசை வற்றும், முழங்கால் முழுதாக நீளாமல் போகும். பிறகு செய்யும்போது ஒபரேஷனும் கஷ்டம், தேறுவதும் கஷ்டம். 64 வயது இதற்கு நல்ல வயது.

அதற்கு முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் சில வேளை வலி முழங்காலில் தெரியும். அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பை உள்ளும் வெளியும் திருப்பிப் பார்க்கும்படி டொக்டரிடம் கேளுங்கள். ஒரு நிமிஷ வேலை. அப்புறம், காலையில் எழுந்ததும் கைவிரல்களும் சேர்ந்து ஒரு மணி நேரம் போல இறுகிக் கிடக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அப்படியென்றால் அது தேய்மானமாக இல்லாமல் வாத நோயாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து உண்டு, அதை முதலில் பார்க்க வேண்டும்.

சரி, ஒபரேஷனில் என்ன நடக்கிறது? முழங்காலையே அறுத்து எடுத்துவிட்டு இரும்புக்கால் வைப்பதாகப் பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் தொடை எலும்பின் அடி முனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல் முனையிலும் தேய்ந்துபோன பரப்பை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுப்போம். கெட்டுப்போன பல்லைச் சீவி உறை போடுகிறார்களே, அதைப் போல இரண்டு முனைகளுக்கும் உலோக உறை போட்டு, நடுவில் வழுவழுப்பான ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் தகட்டை வைப்போம். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்வார்கள். ஒன்றரை மணி நேரம் போல ஆகும். பொதுவாக அடுத்த நாளே வோக்கரைப் பிடித்து எழுந்து நிற்க வைத்துவிடுவார்கள்.

குளிரைப் பற்றிய பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் உலோகம் உடம்பின் சூட்டிலேயே இருக்கும். நுவரெலியாவில் ஜனவரி மாதம் வெளியே புல்லில் உறைபனி பிடித்தாலும் அது விறைக்காது, துருவும் பிடிக்காது. குளிர் நாட்களில் ஒரு கடுகடுப்பு இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் சுற்றியுள்ள தசையின் இறுக்கம். ஒரு கம்பளித் துணியும் கொஞ்ச நடையும் போதும்.

இப்போது அந்தப் பெரியம்மாவுக்கு வருகிறேன். அவர் சொல்வது பொய் இல்லை. அதை நீங்கள் எல்லோரும் கவனமாகக் கேட்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாற்றிய முழங்கால் நன்றாகத் தேறினால் 110, 120 பாகை வரை மடங்கும். நாற்காலியில் உட்கார, எழுந்திருக்க, படி ஏறி இறங்க, பஸ்ஸில் ஏற அது தாராளம். குந்துவதற்கு அது போதாது. குந்தக் குறைந்தது 130 பாகையாவது மடங்க வேண்டும். முயன்று குந்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அது நடுவில் உள்ள பிளாஸ்டிக்குக்கு நல்லதில்லை. தரையில் சம்மணம் போடுவதும் மண்டியிடுவதும் அப்படித்தான். நகரத்து வீட்டில் கட்டிலும் கதிரையும் கொமட்டும் இருப்பவருக்கு இது பெரிய இழப்பாகத் தெரியாது. லயத்தில் யோசித்துப் பாருங்கள். மலசலகூடத்தில் குந்த வேண்டும். தண்ணீர் விழும் பீலியடியில் குந்தித் துணி துவைக்க வேண்டும். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) தரையில் உட்கார்ந்துதான் அரிசி புடைப்பதும் பேரப்பிள்ளைக்குச் சோறூட்டுவதும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லாமல் ஒருவருக்கு மூட்டை மாற்றி அனுப்பினால், "வலி போச்சு, ஆனால் வாழ முடியவில்லையே" என்றுதான் அவர் சொல்வார்.

நானே அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன், அம்மாவின் வயதில் ஒரு பெண்மணிக்கு ஒபரேஷன் செய்தேன். காயம் நன்றாக ஆறியது, முழங்கால் 115 பாகை மடங்கியது, எக்ஸ்ரே பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. ஆறு மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தவரிடம் எங்கெல்லாம் போய் வருகிறீர்கள் என்று கேட்டேன். கூட வந்த மகன் சொன்னார்: "எங்கேயும் போவதில்லை, டொக்டர். ரோட்டிலிருந்து லயத்தில் எங்கள் காம்பராவுக்கு எண்பத்திரண்டு படி. பாதிப் படி கல், பாதிப் படி மண். இன்றைக்கு நானும் தம்பியும் கதிரையில் வைத்துத்தான் தூக்கி வந்தோம்." அந்தப் படிகளைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து எக்ஸ்ரேயோடு சேர்த்து இன்னொரு படமும் கேட்கிறேன். ரோட்டிலிருந்து வாசல் வரை உள்ள வழி, மலசலகூடம், படுக்கும் இடம் மூன்றையும் போனில் எடுத்து வாருங்கள் என்பேன்.

உங்களுக்கும் அதுதான் முதல் வேலை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது படிகளை எண்ணுங்கள். பிடித்து இறங்க ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கமாவது மூங்கில் கட்டலாம், இடுப்பு உயரத்துக்கு, ஆட்டம் இல்லாமல். மலசலகூடத்தில் கொமட் வைக்க வசதியில்லை என்றால், நடுவில் துளை போட்ட உறுதியான கதிரையைக் குழிக்கு மேல் வைத்துப் பயன்படுத்தலாம். அதுவே போதும், ஆனால் வழுக்காமல் இருக்கக் கால்களுக்கு ரப்பர் மாட்டுங்கள். துணி துவைக்கப் பீலிக்குப் பக்கத்தில் ஒரு கல்மேடையோ உயரமான பலகையோ. படுக்கை தரையில் என்றால் கட்டில் வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, நீங்கள் அடகு வைக்க நினைக்கும் நகையின் பெறுமதியில் சிறு பங்குதான். பலன் அம்மாவுக்குத் தினமும் கிடைக்கும்.

முடிந்தால் முதல் ஆறு வாரம் ரோட்டோரமாக உள்ள ஒரு சொந்தக்காரர் வீட்டில் அம்மாவை வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு இது நான் சொல்லித்தான் தோன்றியது, பெரிய உதவியாக இருந்தது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முழங்கால் மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் போல, எல்லாம் சரியாக நடந்தும், எதிர்பார்த்த அளவு சுகம் கிடைக்கவில்லை என்று சொல்கிறார்கள். கிருமித் தொற்று நூற்றில் ஓரிருவருக்கு வரும்; வந்தால் பெரிய பாடு. மறுபக்கம், வைத்த மூட்டு பத்தில் எட்டுப் பேருக்கு 25 வருஷம் வரை தாங்குகிறது. அம்மாவின் வயதுக்கு அது அநேகமாக ஆயுளுக்கும் போதும். வலியைக் குறைப்பதில் இது நல்ல ஒபரேஷன். திரும்பவும் கூடையோடு மலை ஏறலாம் என்று யாராவது அம்மாவுக்கு நம்பிக்கை கொடுத்திருந்தால், அதை மட்டும் மெதுவாகத் திருத்திவிடுங்கள்.

இரண்டு காலையும் ஒன்றாகச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே மயக்கம், ஒரே செலவு என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். சீனியும் பிரஷரும் உள்ள உடம்பில் இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து கூடும். ஊன்றி நிற்க ஒரு நல்ல கால்கூட இல்லாமல் போகும். ஒன்றைச் செய்து மூன்று முதல் ஆறு மாதம் பாருங்கள். வலது கால் நேரானதும் இடது கால் வலியும் தணிந்து, இரண்டாவதைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு.

தனியாரில் பல இலட்சம் ஆகும். அரசாங்க வைத்தியசாலையில் ஒபரேஷனுக்குக் காசில்லை. செயற்கை மூட்டு இருப்பில் இல்லாத காலங்களில் காத்திருக்கச் சொல்வார்கள், சில வேளை வெளியே வாங்கித் தரும்படியும் கேட்பார்கள். அப்படிக் கேட்டால் உடனே அடகுக் கடைக்கு ஓடாதீர்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு இப்போது உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். 2025 முதல் அந்த வசதி இருக்கிறது. காசு கட்டுவதற்கு முன்பே போய் விசாரியுங்கள். இதில் சில மாதம் பிந்துவதால் அம்மாவின் முழங்காலுக்குப் பெரிய கேடு வராது. கடன் வந்தால் அது உங்கள் தலையில்தான் வருஷக்கணக்காக நிற்கும்.

அந்த மாதங்களில் செய்ய வேண்டியது நிறைய. முதலில் சீனி. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 8க்குக் கீழே வர வேண்டும். அதற்கு மேலே என்றால் காயம் ஆறத் தாமதமாகும், கிருமியும் எளிதில் பிடிக்கும். இரத்தத்தையும் சோதியுங்கள். தோட்டத்துப் பெண்களில் பலருக்கு இரத்தம் குறைவு. அதை முன்பே சரிசெய்தால் ஒபரேஷனில் இரத்தம் ஏற்ற வேண்டிய தேவை குறையும். அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுகிறவரா? பலர் போடுவார்கள், குறை சொல்லவில்லை. ஒபரேஷனுக்கு ஆறு வாரம் முன்னாவது புகையிலையை மட்டும் நிறுத்தட்டும், பல்லையும் ஒருமுறை காட்டிவிடட்டும். சொத்தைப் பல்லில் உள்ள கிருமி இரத்தம் வழியாகப் புது மூட்டில் போய் உட்காரலாம்.

அப்புறம் அட்டைக்கடி. இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்கு விசித்திரமாகத் தெரியலாம், நம் பக்கத்தில் இது பெரிய விஷயம். வாட்டுக்கு வந்து படுத்து, அடுத்த நாள் ஒபரேஷன் என்ற நிலையில் ஒரு அம்மாவைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. கணுக்காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து, அது சீழ் வைத்திருந்தது. அவர் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை, "இது எப்பவும் இருக்கிறதுதானே" என்றார். காலில் எங்கே புண் இருந்தாலும் மூட்டு மாற்ற முடியாது. மழைக் காலத்தில் வெளியே போனால் நீளக் காலுறை, வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுதல், குதிகால் வெடிப்புக்கு இரவில் எண்ணெய். இவ்வளவுதான், ஆனால் தினமும்.

தொடைத் தசைக்குப் பயிற்சி இன்றே தொடங்கட்டும். கதிரையில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, காலை, பகல், இரவு. ஊன்றுகோலை இடது கையில் பிடிக்கச் சொல்லுங்கள். வலிக்கிற காலின் பக்கமே பிடிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. எதிர்க்கையில் பிடித்தால்தான் பாரம் குறையும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோயுள்ள கால் முதலில். அம்மா பருமனாக இருந்தால், உடம்பில் குறையும் ஒவ்வொரு கிலோவும் நடக்கும்போது முழங்காலுக்கு நான்கு கிலோ குறைவு.

வலி மாத்திரை என்ன எடுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. கடையில் வாங்கும் வோல்டரன் போன்றவை என்றால் நிறுத்துங்கள். சீனியும் பிரஷரும் உள்ளவருக்கு அவை சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்த்துவிடும். பனடோல் எடுக்கலாம், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது, மெலிந்த உடம்பென்றால் ஆறோடு நிறுத்துங்கள். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் 'வாதத் தூள்' எதுவும் வேண்டாம். சிலவற்றில் ஸ்டீரொய்டு கலந்திருக்கும். வலிக்கு முழங்காலுக்குள் ஊசி போடுகிறோம் என்றால், ஒபரேஷன் திகதி மூன்று மாதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். நெருக்கத்தில் போட்டால் தொற்று அபாயம் கூடும்.

ஒபரேஷனுக்குப் பிறகு உங்கள் பங்கு தொடங்குகிறது. ஆறு வாரம் யாராவது கூடவே இருக்க வேண்டும். வேலைத்தலத்தில் இப்போதே லீவு பேசிவையுங்கள். முடியாவிட்டால் யார் இருப்பார்கள் என்பதைத் திகதி வருமுன் முடிவு செய்யுங்கள். வீட்டில் எல்லோரும் அன்பினால் செய்யும் ஒரு பிழையைச் சொல்கிறேன். வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, "அசைக்காதீங்க, தையல் பிரிந்துவிடும்" என்று படுக்க வைத்துவிடுவார்கள். மூன்று வாரத்தில் முழங்கால் பாதி மடங்கியபடியே இறுகிவிடும். பிறகு அதை நீட்ட எடுக்கும் பாடு, அந்த அழுகை, நான் நிறையப் பார்த்துவிட்டேன். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் நீண்டு படியட்டும். பிசியோதெரபிஸ்ட் சொன்ன மடக்கும் பயிற்சியை, வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்துச் செய்ய வையுங்கள். தையல் பிரியாது. இரண்டு வாரத்தில் தையல் எடுப்பார்கள், ஆறு வாரத்தில் ஊன்றுகோலுக்கு வந்துவிடலாம், மூன்று மாதத்தில் வீட்டு வேலை. வீக்கமும் சூடும் முழுதாக வடிய ஒரு வருஷம்கூட ஆகும். தழும்பின் வெளிப்பக்கம் ஒரு திட்டு மரத்துக் கிடக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி நோவெடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காயத்தில் நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரவிலும் வாகனம் பிடிக்க ஒரு நம்பரை முன்பே வாங்கி வையுங்கள்.

அப்பா வேண்டாம் என்கிறார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். ஏன் என்று கேட்டீர்களா? அந்தப் பெரியம்மாவை அவரும் பார்த்திருப்பார். ஒபரேஷன் மேசையில் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் இருக்கும், தான் ஒருவராக எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற கவலையும் இருக்கும். அடுத்த கிளினிக் திகதிக்கு அவரையும் கூட்டிப் போங்கள். மூட்டின் மாதிரி அங்கே இருந்தால் அவர் கையில் கொடுத்துக் காட்டும்படி டொக்டரிடம் கேளுங்கள். அந்தப் பெரியம்மாவின் வீட்டுக்கும் அப்பாவும் அம்மாவும் போய், அவருக்கு எது கஷ்டம் என்று உட்கார்ந்து கேட்கட்டும். மலசலகூடத்தில் என்ன செய்கிறார், படியில் என்ன செய்கிறார் என்று பார்த்து வரட்டும். படிக்கு மூங்கில் வெட்டிக் கட்டும் வேலையை அப்பாவிடமே கொடுங்கள்.